குழலின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர்? தோட்டத் தேனீக்கள்: கேள்வி பதில்

கேள்வி: மூங்கில் துண்டுகள் அடுக்கிய ‘தேனீ வீடு’ ஒன்றைக் கடையில் வாங்கி மாடித் தோட்டத்தில் தொங்கவிட்டேன். எட்டு மாதமாகிறது. எறும்பும் சிலந்தியும்தான் குடியிருக்கின்றன. எங்கே தவறு?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தக் குழல்களுக்கு அடை கட்டும் தேனீக்கள் வரமாட்டா. வரக்கூடியவை இலைவெட்டித் தேனீ, பிசின் தேனீ போன்ற தனித்து வாழும் இனங்கள். அவற்றில் ராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. ஒரு பெண் தேனீ தானே துளை தேடி, மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து வைத்து, அதில் ஒரு முட்டையிட்டுத் தடுப்புக் கட்டிவிட்டு அடுத்த அறையைத் தொடங்கும். குழல் முழுக்க இப்படியே அறைகளாக நிரம்பும். ஆகையால் வெளி அழகு பொருட்டல்ல, துளையின் அளவுதான் எல்லாம்.

கடையில் விற்பவை பலவற்றில் துளை விரல் நுழையும் அகலம். நீளமோ ஐந்தாறு சென்டிமீட்டர்தான். உள்விட்டம் 6 முதல் 8 மி.மீ. உள்ள குழல்கள் பெரும்பகுதி இருக்கட்டும். சிறிய இனங்களுக்காக 4, 5 மி.மீ. குழல்கள் சிலவற்றைச் சேருங்கள். நீளம் 15 செ.மீ. வேண்டும். பெண்ணாகப் பிறக்கும் முட்டைகளை உள்ளே ஆழத்திலும், ஆணாகப் பிறப்பவற்றை வாசலை ஒட்டியும் இடுவது இவற்றின் வழக்கம். குழல் குட்டையானால் ஆண்களே மிஞ்சும். அடுத்த தலைமுறையில் கூடு கட்ட ஆள் இருக்காது.

மூங்கிலைக் கணுவுக்குச் சற்றுப் பின்னால் அறுங்கள். கணுவே பின்சுவர் ஆகிவிடும். இருபுறமும் திறந்த குழலைத் தேனீ பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அறுத்த வாயை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சிலாம்பு இருந்தால் இறகு கிழியும். மூங்கிலை ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் உளுத்துப்போவதும் குறையும். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் வேண்டாம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே பூஞ்சணம் பிடித்து, மகரந்த உருண்டையோடு புழுவும் அழுகிவிடும்.

இனி, இடம். கயிற்றில் ஆடும் கூட்டுக்குள் தேனீ இறங்கத் தயங்கும். சுவரில் ஆணியடித்து அசையாமல் பொருத்துங்கள். காலை வெயில் படும்படி கிழக்கு அல்லது தென்கிழக்கு நோக்கி, இடுப்புக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். மாடியில் மேற்கு வெயில் நேரே விழுந்தால் சித்திரையில் உள்ளிருக்கும் புழுக்கள் வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரல் குழலுக்குள் போகாதபடி, மேலே கூரைப்பலகை ஒரு சாணாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். எறும்புக்கு மருந்து தெளிக்காதீர்கள். எறும்பு விடாமல் வந்தால் மட்டும், கூட்டைச் சுவரில் அடிக்காமல் அசையாத கம்பத்தில் நிறுத்தி, கம்பத்தைச் சுற்றி நான்கு விரற்கடை அகலத்துக்கு கிரீஸ் தடவினால் போதும். தூசு படிந்ததும் மறுபடி தடவ வேண்டும்.

குடிவந்துவிட்டதை வாசல் அடைப்பைக் கொண்டே அறியலாம். இலை வட்டங்களால் அடைத்திருந்தால் இலைவெட்டி, பிசினால் அடைத்திருந்தால் பிசின் தேனீ. மண் பூசியிருந்தால் அது குளவியாகவும் இருக்கலாம், மண்ணால் அடைக்கும் தேனீயாகவும் இருக்கலாம். குளவி என்றாலும் விட்டுவிடுங்கள். குஞ்சுக்காக அது பிடித்துவருவது பெரும்பாலும் உங்கள் செடியின் புழுக்களைத்தான். பளபளக்கும் பச்சைக் குளவி ஒன்று வாசலில் சுற்றினால் அது ஒட்டுண்ணி. ஐம்பது அறுபது குழல்களை ஒரே இடத்தில் குவித்தால் அதற்குக் கொண்டாட்டம். பத்துப் பதினைந்தாகப் பிரித்துத் தள்ளித்தள்ளி வையுங்கள். அடைப்பு உடைந்து தேனீக்கள் வெளியேறிய குழலை எடுத்துவிட்டுப் புதியது செருகுங்கள்.

கேள்வி: ரோஜா இலைகளில் யாரோ கத்தரித்ததுபோல் அரைவட்டங்கள். என்ன மருந்து அடிப்பது?
– வாசகர், ஓசூர்

பதில்: எதுவும் அடிக்க வேண்டாம். மேலே சொன்ன இலைவெட்டித் தேனீதான். அறைக்குச் சுவர் வைக்க இலையை வெட்டிப் போகிறதே தவிரத் தின்பதில்லை. செடி தாங்கிக்கொள்ளும். உங்கள் வீட்டில் துவரையோ அவரையோ இருந்தால் அதன் பூக்களில் இதே தேனீயைக் காணலாம்.

கேள்வி: பழைய மண்சுவரில் வயிற்றில் நீலக்கோடு போட்ட தேனீக்கள் துளைபோட்டு வாழ்கின்றன. சுவருக்கு சிமெண்ட் பூசப் போகிறோம். அவற்றுக்கு வேறு இடம் தர முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இப்படிக் கேட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் வெளியே வர நுனியில் சிறு துவாரம்தான் உண்டு. நீலவரித் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து, பறக்கும் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டியில் வளர்க்கும் தேனீயால் இது முடியாது.

மாற்றிடம் செய்வது எளிது. ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து பிசைந்து, ஒரு முழ நீளப் பலகைப் பெட்டியில் 15 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி நிரப்புங்கள். பாதி காய்ந்ததும் பென்சிலால் 3 செ.மீ. ஆழத்தில் குழிகள் குத்துங்கள். மீதியை அவையே தோண்டிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்தபின் நகத்தால் கீறிப் பாருங்கள். மண் சிறிதளவு உதிர்ந்தால் சரி. கல்லாக இறுகியிருந்தால் மணலைக் கூட்டுங்கள். பொலபொலவென்று கொட்டினால் களியைக் கூட்டுங்கள். சிமெண்ட் ஒரு பிடிகூடச் சேரக் கூடாது. பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, பழைய சுவருக்கு அருகிலேயே, மழை படாத தாழ்வாரத்தில் வையுங்கள்.

பூசும் வேலையை உடனே தொடங்காதீர்கள். துளைகளுக்குள் புழுக்கள் இருக்கும். புதுப் பெட்டியில் தோண்டத் தொடங்கியபின், பழைய சுவரில் போக்குவரத்து நின்று சில மாதங்கள் ஆகட்டும். துளையுள்ள பகுதியை மட்டும் பூசாமல் விட முடிந்தால் அதைவிட நல்லது. பக்கத்தில் துளசியைப் பூக்கவிடுங்கள், கதிரைக் கிள்ளாதீர்கள். அந்தியில் காய்ந்த குச்சியை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்குபவை ஆண்கள். அந்தக் குச்சியையும் ஒடிக்க வேண்டாம்.

கேள்வி: பெரிய கருவண்டு பந்தல் காலைத் துளைக்கிறது. கொட்டுமா? விரட்டுவது எப்படி?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அது வண்டு இல்லை, தச்சுத் தேனீ. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணைக் கையில் பிடித்து அழுத்தினால்தான் கொட்டும். சாயம் பூசிய மரத்தை அது விரும்பாது. பந்தல் காலுக்கு இரண்டு பூச்சு பெயிண்ட் அடியுங்கள். பழைய துளைக்குள் தேனீ இல்லை என்று உறுதியானபிறகே அடையுங்கள். பதிலுக்கு, பட்டுப்போன முருங்கைக் கிளையையோ, 12 முதல் 16 மி.மீ. உள்விட்டமுள்ள மூங்கிலையோ வேலியோரம் கிடைமட்டமாகக் கட்டிவையுங்கள். பாஷன் பழக்கொடி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். அந்தப் பெரிய பூவில் மகரந்தம் சேர்க்க இதன் உடல் பருமன் தேவை.

கேள்வி: கொசுத்தேனீயும் இந்த மூங்கில் குழலுக்கு வருமா?
– வாசகர், தென்காசி

பதில்: வராது. அது ராணியோடு கூட்டமாக வாழும், கொட்டாத குட்டித் தேனீ. சுவர்ப் பொந்து, மரப்பொந்து போன்ற விசாலமான இடம் வேண்டும். ஏற்கெனவே சுவரில் இருந்தால், அதன் மெழுகுக்குழல் வாசலைத் தட்டிவிடாமலும் வெள்ளையடிக்கும்போது மூடிவிடாமலும் பார்த்துக்கொண்டாலே போதும்.