உதவித்தொகை வாங்கி முதுகலை படிப்பது அரசுப் பணிக்குப் போக உண்மையிலேயே உதவுமா?

இளங்கலை முடித்த கையோடு உதவித்தொகையை நம்பி இரண்டு ஆண்டு முதுகலை படிப்பதா, நேராகத் தேர்வுக்குத் தயாராவதா என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியோடு நின்றவன் நான். வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். 2021 முதல் 2023 வரை பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மதுரையில் எம்.ஏ. பொருளியல் படித்தேன். இப்போது ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன்.

கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யு.பி.எஸ்.சி. குடிமைப்பணித் தேர்வுக்கோ டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கோ ஒரு பட்டம் இருந்தால் போதும், எம்.ஏ. படித்தவருக்கென்று ஒரு மதிப்பெண்ணும் கூடுதலாகக் கிடைக்காது. ஆகவே, முதுகலை படித்தால் அரசு வேலைக்கு அருகில் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியென்றால் உதவித்தொகை எனக்கு என்ன செய்தது? இளங்கலை முடித்தபோது ஒரு நுண்கடன் நிறுவனத்தில் வசூல் வேலை தயாராக இருந்தது. அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். மல்லிகை வரத்து குறைந்த மாதங்களில் அவருக்கு வேலையும் குறையும். அந்த வீட்டில் ‘வேலை வேண்டாம், படிக்கிறேன்’ என்று சொல்வதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ‘படிப்புச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்ற ஒரு வாக்கியம்தான் அந்தக் காரணம். அந்த ஆண்டு வசூல் வேலைக்குப் போயிருந்தால், பிறகு அதை விட்டுவிட்டுத் தேர்வு எழுதும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தொகை பெரிதா என்றால் இல்லை. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், கட்டாயக் கல்விக் கட்டணத்தோடு படிப்புதவிப் படியும் உண்டு. 2021இல் வந்த மத்திய வழிகாட்டுதலின்படி, தொழிற்படிப்பு அல்லாத எம்.ஏ. போன்ற படிப்புகளுக்கு அந்தப் படி விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250 ரூபாய்! வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போய்வந்து, இடையில் இரண்டு தேநீரும் குடிப்பவர் அதை எத்தனை நாளில் செலவழிப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கட்டணத்தை ஏற்றுக்கொள்வதில்தான் இத்திட்டத்தின் உயிர் இருக்கிறது.

அந்தக் கட்டணமும் நேரத்துக்கு வர வேண்டும். முதல் ஆண்டில் உடன் படித்தவர்களுக்கெல்லாம் பணம் வந்த பிறகும் எனக்கு வரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் ‘இப்போது கட்டிவிடு, உதவித்தொகை வந்ததும் நீயே வைத்துக்கொள்’ என்றார்கள். அம்மா தம் மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார். நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பணம் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் விண்ணப்பத்தில் நான் எழுதிக்கொடுத்த கணக்குக்கு வரவில்லை. பள்ளி நாளில் ஒரு முகாமில் தொடங்கி மறந்தேபோன வேறொரு வங்கியின் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. நேரடிப் பணப்பரிமாற்றத்தில் பணம் போகும் இடத்தைத் தீர்மானிப்பது உங்கள் ஆதார் எண் எந்த வங்கியோடு ‘சீடிங்’ ஆகியிருக்கிறது, அதாவது அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்காக எது இணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, சீடிங் செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக்குப் போய் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பால் கிடைத்தது இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டில் வந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாய்ப் பாசனம் பற்றி எழுதுவதற்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலைப் புரட்டினேன். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அதில் எழுதியிருந்ததற்கும் வயலில் நான் பார்த்ததற்கும் சில இடங்களில் பொருந்தவே இல்லை. பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கணக்கிடும்போது அந்தப் பதிவேடு யாரைச் சேர்க்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பது அன்று புரிந்தது. வருவாய்த் துறையைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்ற எண்ணமும் அந்த வயல் வரப்பில் தோன்றியதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதவித்தொகை பட்டத்தோடு நின்றுவிடும்; செலவு பிடிக்கும் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். நான் எம்.ஏ. முடித்தது 2023 மே மாதம். நான் தேறிய குரூப் 2, 2ஏ தேர்வின் முதல்நிலை நடந்தது 2024 செப்டம்பரில், முதன்மைத் தேர்வு 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் எந்த உதவித்தொகையும் இல்லை. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் யு.பி.எஸ்.சி. முதல்நிலைக்குப் படிக்கும் 1,000 பேரைத் தேர்வு வைத்து எடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாயும் உண்டு. நானும் எழுதினேன், என் பெயர் வரவில்லை. என்னைக் காப்பாற்றியது அந்த எம்.ஏ.தான். வாரம் மூன்று மாலை ஒரு பயிற்சி மையத்தில் பொருளியல் வகுப்பு எடுத்தேன். பகல் முழுவதும் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், போட்டித் தேர்வுப் பிரிவில் இருந்தேன். முதுகலைக்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அது சோறு போட்ட விதம் இது.

முதுகலையே தகுதியாக அமையும் இடங்களும் சில உண்டு. இளைஞர்களை அரசுத் துறைகளோடு சேர்ந்து பணியாற்ற எடுக்கும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்குக் கலை, அறிவியல் படித்தவர்களிடம் முதல் வகுப்பில் முதுகலைப் பட்டம் கேட்டார்கள். 2022இல் தொடங்கியபோது எடுத்தது 30 பேரைத்தான். அமெரிக்காவில் ட்ரூமன் உதவித்தொகை என்று ஒன்று 1975 முதல் இருக்கிறது. அதில் மேற்படிப்புக்குப் பணம் பெற்றவர், படிப்பு முடிந்த ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று ஆண்டுகள் பொதுப்பணியில் இருந்தாக வேண்டும். நான் பெற்ற உதவித்தொகையில் அப்படி நிபந்தனை இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவரின் கையைக் கட்டிவிட்டுச் சேவை செய்யச் சொல்வது நியாயமில்லை.

உங்கள் விஷயத்தில், வீட்டில் இரண்டு ஆண்டு பொறுப்பார்கள் என்றால், பாடம் தேர்வோடு ஒத்துப்போகும் என்றால், சேருங்கள். வெறும் பட்டத்துக்காக என்றால் வேண்டாம். சேர்வதாக முடிவெடுத்தால் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். அது ஓராண்டு செல்லும். கல்லூரி திறந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரே வாரத்தில் குவியும் விண்ணப்பங்களில் குடும்ப அட்டை நகல் விட்டுப்போனவை மட்டும் தனிக் கட்டாகக் கிடக்கும். அந்தக் கட்டில் உங்களுடையது வேண்டாம்.