சிவகாமியின் சபதம் கதை தாவுதா? பொருளடக்கத்தப் பாருங்க
புத்தகக்கடையில வாங்குன கல்கியோட சிவகாமியின் சபதம் நாவல் தாவித் தாவிப் போகுது, அவரோட இன்னொரு நாவல் பார்த்திபன் கனவ முதல்ல படிச்சிருக்கணுமான்னு கேட்டிருந்தீங்க. இல்லைங்க, அப்படி அவசியமே இல்ல, உங்க தெரு புத்தகக்கடை அண்ணன் சபதத்த முதல்ல குடுத்தது சரிதான். பார்த்திபன் கனவு முன்னாடி எழுதுனதுதான், ஆனா அதுல வர்ற கதை சபதத்துக்கு அப்புறம் நடக்குறது.

கதை தாவித் தாவிப் போகுதுன்னா அது சுருக்கப் பதிப்பா இருக்கும்னு தோணுது, கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனதால நிறைய பதிப்பகம் விதவிதமா போடுறாங்க. பொருளடக்கத்துல பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவுன்னு 4 பாகமும் இருக்கான்னு பாருங்க.

நாலும் இருந்தும் புத்தகம் ஒல்லியா இருந்தா, உள்ள வெட்டிருக்கலாம். பேர் எழுதாம, கசக்காம கடைக்கு எடுத்துட்டுப் போய் முழுப் பதிப்போட ஒப்பிட்டுப் பாத்துட்டு அண்ணன்கிட்டயே மாத்தித் தரக் கேளுங்க, சிவகாமிய அரைகுறையா மட்டும் படிச்சிடாதீங்க.