வாசகர் கேள்வி – பதில்: பதக்கமும் பற்று நோட்டும்

கேள்வி: என் தந்தையார் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 1971 போரில் பங்கேற்று, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பிறகு குன்னூரில் வர்க்கியும் பன்னும் போடும் சிறிய பேக்கரி ஒன்றை இறுதிவரை நடத்தினார். ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாக நிற்பார். 2009 மண்சரிவின்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு பிரட் அனுப்பினார் என்று பிறர் சொல்லித்தான் தெரியும். போரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கே போரிட்டார் என்பதுகூடத் தெரியாது. சென்ற ஆண்டு காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்குப் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்துக் கூட்டம் போட வேண்டும் என்கிறான் தம்பி. பெட்டியில் இரண்டு பதக்கங்களும் கடையில் ஒரு கட்டுப் பற்று நோட்டுகளும் இருக்கின்றன. சில பக்கங்களின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவரை எப்படி நினைவுகூர்வது?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: சகோதரி, ஃப்ளெக்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். குன்னூர்க் காற்றுக்கும் மழைக்கும் அது ஒரு வாரம் தாங்காது. தாங்கினாலும், எல்லோருக்கும் போடுகிற ‘சமூக சேவகர், மாமனிதர்’ என்பதைத்தான் உங்கள் தந்தையாருக்கும் போடுவார்கள்.

எங்கே போரிட்டார் என்பதற்கான விடை உங்கள் பெட்டியிலேயே இருக்கக்கூடும். 1971 போரில் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டாரும், இன்றைய வங்கதேசப் பக்கமான கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும் வழங்கப்பட்டன. நட்சத்திர வடிவில் ஒன்று இருந்தால், அது இவற்றில் எது என்று பாருங்கள். மற்றது வட்டமாக இருந்தால், அது அந்தப் போருக்கான சங்கிராம் பதக்கமாக இருக்கலாம். அதன் விளிம்பை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், பொடி எழுத்தில் படை எண்ணும் பெயரும் தெரியும். அந்த எண்ணையும், படையிலிருந்து விடுபட்டபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலையும் இணைத்து, வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் அகப்படவில்லை என்றால், ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். தாயார் இருந்தால், குடும்ப ஓய்வூதியம் அவர் பெயருக்கு மாறிவிட்டதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்; நினைவு நாள் பரபரப்பில் பல வீடுகளில் இதுதான் விட்டுப்போகிறது. வருகிற பதில் இரண்டு வரிதான் என்றாலும் அதுவே போதும். அவர் சொல்லாத வீரச் செயல் எதையும் மேடையில் எவரும் சேர்த்துச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை நிறுத்தி வைத்தவை பற்று நோட்டுப் பக்கங்கள்தாம். பெயருக்குப் பதிலாக ‘லைன் வீடு, கோடி’, ‘வளைவுப் பாட்டி’ என்று அடையாளங்கள். எதிரே பன் 6, ரஸ்க் 1 என்று கணக்கு. பணம் வந்த வரிகளில் தேதி போட்டு ஒரு கோடு. பணம் வராத சில வரிகளிலும் கோடு இருக்கிறது, தேதிக்குப் பதில் ‘சரி’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த 2009 நவம்பர் மழையின் பக்கத்தில், ‘ஸ்கூல் – பிரட் 80’ என்று அடுத்தடுத்து நான்கு நாள்கள் எழுதியிருக்கிறார். விலைக் கட்டம் நான்கு நாளும் காலியாக இருக்கிறது. பாதை அடைபட்டுக் கிடந்த நாள்களில் மைதாவுக்கும் விறகுக்கும் எங்கே போனார், மூட்டையைச் சுமந்தவர் யார் என்பதெல்லாம் நோட்டில் இல்லை. அது அடுப்படியில் நின்ற மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும். அவர் இருக்கிறார் என்றால், கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் முன் அவரிடம் போய் உட்கார்ந்து, சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது, வீட்டிலிருந்த கம்பளிகளை எடுத்துக்கொண்டு ஓடிய ஊர்க்காரர்களை நாம் இன்றும் நினைக்கிறோம் என்றால், அந்தக் கம்பளியை யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான். 1971ல் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா, குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகையில் அடக்கமானார். அவரைப் பற்றிப் பல புத்தகங்கள் உண்டு. அவர் தலைமையில் போரிட்டு, அதே ஊரில் ரொட்டி சுட்ட ஹவில்தாரைப் பற்றி எழுத உங்கள் வீட்டாரை விட்டால் ஆள் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் இருப்பது உங்கள் தந்தையாரின் பெருமை மட்டுமன்று, பிறருடைய கடனும் கூட. பாக்கியை வசூலிக்க நினைக்காதீர்கள். ‘இத்தனை பேருக்கு விட்டுக்கொடுத்தார்’ என்று மேடையில் வாசித்துக் காட்டவும் வேண்டாம். பாட்டியின் பேரன் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

நினைவு நாளன்று கடையைச் சாத்தாமல், விடியற்காலை அடுப்பு மூட்டி, அந்தப் பள்ளிக்கு எண்பது பிரட் அனுப்பிவையுங்கள். தம்பி அப்போதும் பிடிவாதமாக இருந்தால், அந்த நவம்பர்ப் பக்கத்தைப் பெரிதாக்கிக் கடைக்குள்ளேயே மாட்டச் சொல்லுங்கள். ஆளை அடையாளம் காட்டும் வரிகளை மட்டும் முதலில் மறைத்துவிடுங்கள்.