காற்றில் பறக்கும் தூசி நுரையீரலை என்ன செய்யும்?

தூசி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய திடத்துகள். எவ்வளவு கெடுதல் என்பதைப் பெரும்பாலும் அதன் அளவே தீர்மானிக்கிறது. சேலத்து ஜவ்வரிசி ஆலையில் சலிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: பெரிய முத்துகள் சல்லடையில் நிற்கும், மாவு கீழே இறங்கிவிடும். மூக்கும் சளியும் அப்படித்தான், 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டதைப் பெரும்பாலும் பிடித்துவிடும், தும்மலில் வெளியேறும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்தது நுரையீரலின் ஆழத்தில் உள்ள காற்றுப்பைகள் வரை போகும். கல்குவாரியில் பறக்கும் சிலிக்கா (கல்லிலும் மணலிலும் உள்ள தாது) தூசி அங்கே தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிகோசிஸ் எனும் அந்த நோய்க்கு முழு குணம் கிடையாது. கல் உடைக்கப் போகிறவரிடம் முதல் நாளே இதைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் தெளித்து உடைத்தால் தூசி பெருமளவு அடங்கும் என்பதையும்.

வேலை முடிந்து வெல்லமோ வாழைப்பழமோ தின்றால் தூசி இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தின்பது இரைப்பைக்குத்தான் போகிறது, நுரையீரலுக்கு அல்ல.