மகனைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்கலாமா? ராஷ்டிரபதி விருது வரை போனால் பயன் உண்டா?

ஆறாம் வகுப்புப் பையன், பள்ளியில் சாரணர் படை இருக்கிறது, சேர்த்தால் படிப்பு கெடுமா, விருது வாங்கினால் வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்துவிடுங்கள். ஆனால் சேர்த்த அன்றைக்கே ஒரு கெட்டி அட்டை ஃபைல் வாங்கி உங்கள் வீட்டு பீரோவில் வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 10 வயது முடிந்ததும் சாரணனாகச் சேரலாம். முதலில் பிரவேஷ், அதாவது நுழைவு நிலை. உறுதிமொழி, சாரணர் சட்டம், மூன்று விரல் சல்யூட், இடது கையால் கைகுலுக்குவது, இறைவணக்கப் பாட்டு, கொடிப் பாட்டு எல்லாம் கற்றுக்கொண்டால் ஸ்கார்ஃப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான். சோபான் என்றால் படிக்கட்டு, அவ்வளவுதான், பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அதற்கு மேல் ஆளுநர் கையெழுத்தோடு வரும் ராஜ்ய புரஸ்கார், எல்லாவற்றுக்கும் உச்சியில் குடியரசுத் தலைவர் கையெழுத்தோடு ராஷ்டிரபதி விருது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு, பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தாவ முடியாது. நடுவில் சமையல், முதலுதவி என்று தனித்தனி பேட்ஜ்கள் வேறு எடுக்க வேண்டும். மேலே போகப் போகத் தேர்வு வைப்பது உங்கள் பள்ளி ஆசிரியர் இல்லை. ராஜ்ய புரஸ்காருக்கு மாநில அளவில் முகாம், ராஷ்டிரபதிக்குத் தேசிய அளவில்.

இனி என் கதை. நான் ஆற்காட்டுக்காரன், 1991இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் சாரண ஆசிரியர் தமிழய்யா. முடிச்சு சொல்லிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இழுத்தாலும் நழுவாத வளையம் போடும் போலைன் முடிச்சை இப்படிச் சொல்வார்: "இது புற்று, இது மரம். பாம்பு புற்றிலிருந்து மேலே வருது, மரத்தைப் பின்னால சுற்றுது, மறுபடி அதே புற்றுக்குள்ள போகுது, இழு." இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஒருமுறை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப் போய் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தின் உயரத்தைக் குச்சியை வைத்து அளக்கச் சொன்னார். கையை நீட்டிக் குச்சியைப் பிடித்து, நுனியைக் கோபுரத்தின் உச்சிக்கும் கட்டைவிரலை அடிக்கும் நேராக வைத்துக்கொண்டு, அப்படியே குச்சியைப் படுக்கையாகத் திருப்ப வேண்டும். கூட்டாளி ஒருவன் கோபுரத்தடியிலிருந்து பக்கவாட்டில் நடப்பான், குச்சி நுனிக்கு நேராக வந்ததும் நிறுத்தச் சொல்லி, அவன் நடந்த தூரத்தை அளந்தால் அதுதான் உயரம். நாலு அணிக்கும் நாலு விடை வந்தது. அய்யா சிரித்துவிட்டு நாலையும் நோட்டில் எழுதச் சொன்னார்.

ஒன்பதாம் வகுப்பில் ராஜ்ய புரஸ்கார் முகாம். மழைக்காலம், விறகெல்லாம் ஈரம். திறந்த வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்ட வேண்டும். பக்கத்து அணிக்காரர்கள் ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருக்க, நான் என் அம்மா செய்வதுபோலப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் முழுக்கச் சேற்றைக் குழைத்துப் பூசினேன், பட்டையை உரித்துவிட்டு உள் விறகைச் சீவிப் பற்ற வைத்தேன். சோறு கொஞ்சம் குழைந்தது உண்மைதான். தேர்வாளர் வந்து சோற்றைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைக் கழுவச் சொன்னார். சேற்றோடு சேர்ந்து கரியும் ஒரே தேய்ப்பில் போய்விட்டது. தோளைத் தட்டிவிட்டுப் போனார். சென்னா ரெட்டி ஆளுநராக இருந்த காலம், அவர் பெயர் போட்ட சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தச் சான்றிதழில் என் மாவட்டம் 'வட ஆற்காடு அம்பேத்கர்'. பிறகு அது வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் மூன்றாகப் பிரித்ததில் நான் இருந்த இடத்திலேயே இருந்து ராணிப்பேட்டை மாவட்டக்காரன் ஆகிவிட்டேன். ஒரு அலுவலகத்தில் கவுன்டரில் இருந்த பையன் என் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு "சார், இப்படி ஒரு மாவட்டமே லிஸ்ட்டில் இல்லையே" என்கிறான். நான் என்ன செய்ய? மாவட்டத்தை நானா பிரித்தேன்? மூன்று நாள் அலைந்தேன். சரி, அதை விடுங்கள்.

பத்தாம் வகுப்பு தொடங்கும்போது தமிழய்யாவுக்கு மாற்றல் வந்தது. புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு இதில் ஈடுபாடு இல்லை, நான் அவரைத் திட்டவில்லை, பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள், பாவம். ராஷ்டிரபதிக்கு விண்ணப்பிக்க ஒவ்வொரு சோபானும் முடித்த தேதி, பேட்ஜ் எடுத்த தேதி, கையெழுத்து எல்லாம் வேண்டும். என் லாக் புத்தகமும் பதிவேடும் சாரணர் அறை அலமாரியில் இருந்தன. அலமாரி இருந்தது, சாவி இல்லை. சாவி கிடைத்தபோது உள்ளே கரையான் தின்ற கொடித்துணியும் ரெண்டு விசிலும்தான் இருந்தன. என் திருதிய சோபான் தேதியைச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. பொதுத் தேர்வு வந்தது, பதினொன்றாம் வகுப்புக்குப் போன பள்ளியில் சாரணர் படையே கிடையாது. முடிந்தது.

வாலாஜாவில் படித்த என் நண்பன் ஒருவன். அந்த முகாமில் அவனுக்கு போலைன் வரவே இல்லை, நான்தான் ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து பாம்பு, புற்று, மரம் என்று சொல்லிக் கொடுத்தேன், அடுத்த நாள் ஒப்பேற்றிவிட்டான். ஆனால் அவன் அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். ஒவ்வொரு தாளையும் தேதி வாரியாகக் கோத்து, நகல் எடுத்து வைத்திருந்தார். பையன் ராஷ்டிரபதி சாரணன் ஆனான், சங்கர் தயாள் சர்மா கையெழுத்தோடு சான்றிதழ் அவன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு, இடங்கள் மிகச் சில, அதில் வேலைக்கும் போய்விட்டான். வேலைக்கு உதவுமா என்று கேட்டீர்கள் இல்லையா, இதுதான் பதில். உதவும், மிகச் சிலருக்கு.

வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று கமென்ட் போட ஆள் வருவார்கள், தெரியும். கொஞ்சம் எரிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் ஏமாற்றி வாங்கவில்லை, எல்லாத் தேர்வும் எழுதித்தான் வாங்கினான். எல்லாப் பள்ளியிலும் அலமாரிச் சாவி தொலையும் என்றும் நான் சொல்லவில்லை. இப்போது பதிவெல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், நல்லது, அப்படியும் ஒரு நகல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். படிப்பு கெடுமா என்றால், வாரத்தில் ஒரு மாலை, வருடத்துக்கு ஒன்றிரண்டு முகாம், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக்குள் ராஜ்ய புரஸ்காரை முடித்துவிடப் பாருங்கள். ஆசிரியருக்கு மாற்றல் என்று காதில் விழுந்தால் மறுநாளே போய்க் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

போன மாதம் அந்த நண்பன் காட்பாடியில் கட்டும் புது வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடிக்குத் தண்ணீர் டேங்க் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் ஆள் கட்டிய கயிறு பாதி உயரத்தில் நழுவி, டேங்க் மணல் குவியலில் விழுந்தது, நல்லவேளை உடையவில்லை. நண்பன் என்னைப் பார்த்து, "டேய், நீ வந்து கட்டுடா" என்றான். புற்று, பாம்பு, மரம். டேங்க் ஏறிவிட்டது. அவன் மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள், சர்க்கரைதான் கம்மி.