நிறுவனம் இல்லாத மென்பொருளை நம்பலாமா?

கேள்வி: எந்த ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலும் இல்லாத திறந்த மூல மென்பொருள் (யாரும் நிரலைப் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) திட்டங்களில் இறுதி முடிவை எடுப்பவர் யார்? பொறுப்பேற்க நிறுவனம் இல்லாவிட்டால் அவை பாதியில் நின்றுவிடாதா?

பதில்: முடிவெடுக்கும் முறை திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். 1993இல் தொடங்கிய டெபியன் என்ற இயங்குதளத் திட்டம், 1998 முதல் எழுதப்பட்ட அமைப்பு விதிகளின்படி இயங்குகிறது; அதன் தலைவரை உறுப்பினர்களான நிரலாளர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் எடுக்கும் முடிவையே பொது வாக்கெடுப்பால் மாற்றவும் அவர்களுக்கு உரிமை உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களாக இருக்கக் கூடாது என்பது அதன் நெறி.

நிறுவனம் இருந்தால்தான் பாதுகாப்பு என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. ஓப்பன்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை வளர்த்துவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கியபோது, அம்மென்பொருளின் எதிர்காலம் குறித்துக் கவலைகொண்ட பங்களிப்பாளர்கள் அவ்வாண்டே அதே நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரேஆபீஸைத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம், கணினிக் கட்டமைப்பை நிரல்வழி அமைக்க உதவும் டெர்ராஃபார்மின் உரிமத்தைத் திறந்த மூலம் அல்லாத ஒன்றாக மாற்றியதும், முந்தைய உரிமத்தில் வெளிவந்திருந்த நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனித் திட்டம் கிளைத்து, லாப நோக்கற்ற லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்து சேர்ந்தது. இரண்டிலும் நிரல் பிழைத்தது. வணிகக் குறி நிறுவனத்திடம் இருந்ததால், பழகிய பெயரைத்தான் விட்டுவர வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தோடு நின்றுவிடாமல், பெயர் யாருக்குச் சொந்தம், பதிப்புரிமை யாரிடம் குவிந்துள்ளது என்பதையும் பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் பதிப்புரிமை அதை எழுதிய ஆயிரக்கணக்கானோரிடமும் அவர்களின் நிறுவனங்களிடமும் சிதறிக் கிடப்பதால், அதன் உரிமத்தைத் தனியொரு தரப்பு மாற்றுவது நடைமுறையில் இயலாத காரியம். இந்தச் சிதறலைப் பலர் குறையாகக் கருதுகிறார்கள். எனக்கு அதுவே மிக உறுதியான காவலாகத் தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் நிறுவனங்களை முற்றிலும் விலக்கி வைப்பதுதான் நல்லதா?

பதில்: இல்லை. லினக்ஸ் கருநிரலின் பெரும்பகுதியை இன்று எழுதுபவர்கள் பல்வேறு நிறுவனங்களில் சம்பளம் பெறும் நிரலாளர்களே. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோது, தகவல் பரிமாற்றத்தை மறையாக்கிக் காக்க இணையத்தின் பெரும்பகுதி சார்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலை மிகச் சிலரே சொற்ப நன்கொடையில் பராமரித்துவந்தது தெரியவந்தது. பெரிய நிறுவனங்கள் கூடி நிதி ஒதுக்கியது அதன் பிறகுதான். நிறுவனங்கள் பணத்தையும் ஆட்களையும் தாராளமாகத் தரட்டும், ஆனால் அந்த உதவிக்கு ஈடாக முடிவெடுக்கும் அதிகாரத்தை எந்த ஒரு நிறுவனத்திடமும் முழுமையாக ஒப்படைத்துவிடக் கூடாது.