ஞாயிற்றுக்கிழமை நடை

அன்புள்ள ஐயா,

கல்லூரிக் காலத்தோடு எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது. என் மனைவி பிரதோஷம் தவறாதவள். துணைக்குக் கூப்பிடுகிறாள். போவதா, மறுப்பதா? நம்பிக்கையும் ஐயமும் ஒத்துவராது என்பதுதானே கலிலியோ முதல் பெரியார் வரை வரலாறு காட்டுவது?

ச.

அன்புள்ள ச.,

கலிலியோவை விடுங்கள், பெரியாரையும் விடுங்கள். வீட்டுத் தகராறுக்கு எதற்கு அவ்வளவு பெரிய சாட்சிகள்? ‘தவறாதவள்’ என்று எழுதும்போது உங்கள் உதடு சுழிந்தது எனக்குத் தெரிகிறது. அதுதான் உறுத்தியது.

ஒரு மாதமாக டார்வின் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1839இல், கல்யாணமான புதிதில், மனைவி எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரூபிக்காமல் எதையும் ஏற்காத அறிவியல் பழக்கம், நிரூபிக்கவே முடியாத விஷயங்களிலும் கணவரின் மனதைப் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம் அவருக்கு. அந்தக் கடிதத்தை டார்வின் பத்திரமாக வைத்திருந்தார். அதன் அடியில், ‘நான் இறந்தபின் தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன்’ என்று எழுதினார்.

அதற்காக அவர் ஐயத்தை விட்டுவிடவில்லை. 1851இல் பத்து வயது மகள் ஆனி மால்வர்னில் இறந்தாள். அப்பா அங்கே; நிறைமாதக் கர்ப்பிணியான அம்மா டவுன் என்ற கிராமத்து வீட்டில். 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வந்தது. ஞாயிறுகளில் குடும்பம் தேவாலயத்துக்குள் போகும், அவர் நடக்கப் போய்விடுவார். ஆனாலும் 1879இல்கூட, தான் எவ்வளவு தடுமாறியபோதும் கடவுளை மறுக்கும் நாத்திகனாக இருந்ததில்லை, தெரியாது என்று சொல்பவன் என்பதே பொருந்தும் என்றுதான் எழுதினார். ஐயப்படுகிறவனுக்குத் தன்மேலும் ஐயம் வரவேண்டும் ஐயா! உங்களுக்கு வந்திருப்பது ஐயமே இல்லை, தீர்ப்பு. தீர்ப்பு எழுதியவர்தான் அடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவார். அந்தக் கடிதத்தின் அடியில் ஒரு மறுப்பு எழுதுவது டார்வினுக்கு எத்தனை சுலபம், யோசித்துப் பாருங்கள்.

என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஆடி வெள்ளிக்கு அம்மாவை வண்டியில் கொண்டுபோய்க் கோயிலில் விட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் ‘விடுதலை’ படித்தபடி உட்கார்ந்திருப்பார். அம்மா திரும்பி வந்து அவருக்குத் திருநீறு நீட்டமாட்டாள், சுண்டலை மட்டும் கொடுப்பாள். உப்பு குறைச்சல் என்று சொல்லிக்கொண்டே தின்பார்.

கோயிலுக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்களே, மறந்துவிட்டேன். வண்டியை எடுங்கள். உள்ளே வருவது உங்கள் பாடு.

சடங்கு எதுவும் கூடாது என்று அப்பா எழுதி வைத்திருந்தார். அவர் போன அன்று பங்காளிகள், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு அம்மாதான் எழுந்து வந்து சொன்னாள்: “அவரு வேண்டாம்னு எழுதி வெச்சிருக்காரு. தூக்குங்க.”